அப்பாரு காரை மெல்போர்ன் அனுப்பப் போகிறீர்களா? வரக்கூடிய கோளாறுகள், அறிகுறி வாரியாக

எங்கள் அப்பாரு (தாத்தா) 1968-இல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 2, கோபிக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் பதினோரு வருடம் நின்றிருந்தது. மேலே தென்னை மட்டை, உள்ளே எலி, சுற்றிலும் மாட்டுச் சாணம். மெல்போர்னில் இருக்கும் அக்கா, "எனக்கு நகையும் வேண்டாம், காடும் வேண்டாம், அந்தக் கார் வேணும்" என்றாள். சரி என்று இறங்கினோம்.

முதலில் பெயிண்ட் அடித்தோம், அப்புறம் எஞ்சின் பார்த்தோம், கடைசியாகத்தான் காகிதங்களைக் கையில் எடுத்தோம். வரிசை அப்படியே தலைகீழ். அதனால் எஞ்சினை இரண்டு முறை பிரித்தோம், புதுப் பெயிண்டை ஒரு முறை அறுத்தோம். இன்று மறுபடி செய்தால் எந்த வரிசையில் செய்வேனோ அந்த வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். உங்களுடையது ஃபியட்டாகவோ பத்மினியாகவோ இருந்தாலும் பெரும்பாலானவை பொருந்தும், அளவுகள்தான் மாறும்.

ஆர்.சி.யில் ஓர் எஞ்சின் நம்பர், காரில் வேறொன்று

கொங்கு நாட்டில் பழைய அம்பாசிடர் வைத்திருந்த வீடுகளில் இது சகஜம். மைலேஜுக்காக டீசல் எஞ்சின் மாற்றியிருப்பார்கள், அல்லது எங்கள் அப்பாரு மாதிரி வேறொரு பழைய பெட்ரோல் எஞ்சினை வாங்கி இறக்கியிருப்பார்கள். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊருக்குள் ஓடும்வரை யாரும் கேட்கவில்லை. ஏற்றுமதியின்போது சுங்கத்தில் பானட்டைத் திறந்து எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடும்.

பார்க்க வேண்டியது: சேஸிஸ் நம்பர் இருக்கும் தகட்டை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, மேலே மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். எஞ்சின் நம்பரையும் அதேபோல. இரண்டையும் ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எஞ்சின் நம்பர் மாறியிருந்தால், மாற்றத்தை ஆர்.சி.யில் பதியச் சொல்லி விண்ணப்பித்து, பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்ட வேண்டும். எஞ்சின் வாங்கிய பில் இருந்தால் வேலை பாதி முடிந்தது. சேஸிஸ் நம்பரே பொருந்தவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதைத் தீர்க்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

வண்டி இன்னும் காலமானவர் பெயரில் இருந்தால் ஃபார்ம் 31. சட்டப்படி மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பித்திருக்க வேண்டும். நாம் பத்து வருடம் கழித்துப் போவோம், அபராதம் கட்டுவோம். தாசில்தார் ஆபீசில் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் இரண்டும் தேவை. பெரியப்பா கையெழுத்துப் போட இரண்டு மாதம் ஆனது. மனசு ஒப்பவில்லை அவருக்கு. "அதுல தானுங்க நான் டிரைவிங் கத்துக்கிட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னாராம்.

கப்பல் தயார், அங்கே அனுமதி வரவில்லை

ஆஸ்திரேலியாவுக்குள் எந்தக் காரையும் இறக்கும் முன் இறக்குமதி அனுமதி கையில் இருக்க வேண்டும். 25 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தனி வழி உண்டு. அங்குள்ளவர் பெயரில், அரசின் ரோவர் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தயாரித்த ஆண்டுக்குச் சான்றாக ஆர்.சி., சேஸிஸ் தகட்டின் படம், நாலு பக்கமும் எடுத்த படங்களை இணையுங்கள். அனுமதி வரும்வரை கப்பலில் இடம் பிடிக்காதீர்கள். முதலில் அனுப்பிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

பிரேக் மிதி தரைவரை இறங்குகிறது

நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். மிதி மெதுவாக இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போயிருக்கும். ஒரே மிதியில் சட்டென்று இறங்கி, இரண்டாம் மிதியில் நின்றால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம், அட்ஜஸ்ட் செய்தால் போதும். பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று. சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டர் கசிகிறது. பதினோரு வருடம் நின்ற வண்டி என்றால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், எல்லா ரப்பரையும் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், சிலிண்டர் உள்ளே துருப்பிடித்திருக்கும்.

இதுவரை எந்தப் பட்டறையிலும் சொல்வார்கள். இனிமேல் வருவதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கும். கிளட்ச் பிளேட்டில் இருக்கும். ஹெட் கேஸ்கெட், மேனிஃபோல்டு கேஸ்கெட், சைலன்சர் குழாய் இணைப்பில் வைக்கும் பேக்கிங், தரைக்கு அடியில் சத்தம் குறைக்க ஒட்டிய தார் அட்டை, எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் 2003 டிசம்பர் 31 முதல் அஸ்பெஸ்டாஸ் முழுத் தடை. ஒரு சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'அஸ்பெஸ்டாஸ் இல்லாதது' என்று எழுதிக்கொள்ளும் வழக்கம் சில நாடுகளில் உண்டு, அங்கே அது செல்லாது. துளி இருந்தாலும் வண்டியைத் தடுத்துவைத்து, சோதனைச் செலவையும் அபராதத்தையும் நம் தலையில் கட்டலாம்.

பழைய கார் பிரியர்கள் தேடித் தேடி வாங்குவது 'பழைய ஸ்டாக், பெட்டி பிரிக்காத ஒரிஜினல்' பாகம். அந்தப் பெட்டியில்தான் அஸ்பெஸ்டாஸ் இருக்கும். நாங்களும் கோவை உக்கடத்தில் அப்படியொரு கேஸ்கெட் செட்டைப் பொக்கிஷம் மாதிரி வாங்கி எஞ்சினில் போட்டோம். எஞ்சின் கட்டி முடித்த பிறகுதான் அக்கா இந்தத் தடையைப் பற்றிப் படித்துவிட்டுப் போன் செய்தாள். மறுபடி ஹெட்டைக் கழற்றினோம்.

செய்ய வேண்டியது: லைனிங், கிளட்ச், கேஸ்கெட் மூன்றையும் புதிதாகத் தயாரான அஸ்பெஸ்டாஸ் இல்லாத பொருளில் போடுங்கள். பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். ஒவ்வொன்றிலும் விரல் நகம் அளவு மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்து, எந்தப் பாகம் என்று குறிப்பிட்ட அறிக்கையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆய்வகத்தின் அங்கீகாரத்தை ஆஸ்திரேலிய சுங்கம் ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வண்டியில் மிஞ்சியிருக்கும் சந்தேகத்துக்கிடமான தார் அட்டைக்கும் அப்படியே.

பழைய லைனிங்கைக் கழற்றும்போது டிரம்முக்குள் கம்ப்ரசர் காற்றடித்து ஊதுவது நம் பட்டறைப் பழக்கம். அப்படி ஊதவே விடாதீர்கள். அந்தத் தூசிதான் நுரையீரலுக்கு எமன். தண்ணீர் தெளித்து நனைத்து, முகமூடி போட்டு, ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டுங்கள். எங்கள் மெக்கானிக் அண்ணன், "நாப்பது வருசமா ஊதிட்டுத்தானுங்க இருக்கேன்" என்றார். அவர் இருமிக்கொண்டேதான் அதைச் சொன்னார்.

கதவைச் சாத்தினால் தூக்கிச் சாத்த வேண்டியிருக்கிறது

கீல் தேய்ந்துவிட்டது என்று டிங்கர் சொல்வார். இருக்கலாம். கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்குங்கள். கதவு மட்டும் ஆடினால் கீல். கதவோடு தூணும் சேர்ந்து அசைந்தால், கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி போன்ற பகுதி துருப்பிடித்துவிட்டது. அம்பாசிடருக்கு லாரி மாதிரித் தனிச் சட்டம் கிடையாது, பாடியே எடையைத் தாங்குகிறது. அந்தப் பெட்டி போனால் முதுகெலும்பு போன மாதிரி.

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, பாடி முழுக்க நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டிதான் (புட்டி) இருக்கிறது. எங்கள் வண்டியின் இடதுபக்கம் முன் சக்கரத்துக்குப் பின்னால், ஒரு கை அகலத்துக்குக் காந்தம் வழுக்கிக்கொண்டு போனது. சுத்தியலால் லேசாகத் தட்டியதும் பட்டி தகடு தகடாகப் பெயர்ந்து விழுந்தது. அதற்குள்ளே, நம்பமாட்டீர்கள், பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்துத்தான் பட்டி பூசியிருந்தார்கள்.

வெல்டிங் வைக்கும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு இரும்புப் பட்டையைத் தற்காலிகமாகப் பற்றவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் துருவை வெட்டி எடுத்ததும் பாடி வளைந்துவிடும், அப்புறம் எந்தக் கதவும் உட்காராது. கார்ப் பக்கவாட்டில் ஜாக்கி கொடுத்துத் தூக்கியபடி வெல்டிங் செய்ய விடாதீர்கள், நாலு சக்கரமும் சம தரையில் நிற்கட்டும். முன்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறதா? அதற்கு ஸ்பிரிங் கட்டையைத் திணிக்காதீர்கள். முன்னால் இருப்பது டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி, அதன் பின் நுனி பாடியில் பிடிக்கும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் துரு அங்கேயும் இருக்கும்.

எதைச் சரிசெய்யக் கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பின் இடது மட்காடில் ஒரு நசுங்கல் உண்டு. ரிவர்ஸ் எடுக்கும்போது அப்பாரு கிணற்றுச் சுவரில் இடித்தது. அக்கா அதைத் தொடக்கூடாது என்றாள். டிங்கருக்கு அது கௌரவப் பிரச்சினை. "பாக்கறவங்க என்னையத்தானுங்க பேசுவாங்க" என்றார். கடைசியில் அந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு, 'தொட வேண்டாம்' என்று எழுதி வைத்தேன். அப்படியும் ஒரு நாள் சுத்தியலோடு பக்கத்தில் நின்றிருந்தார்.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை

பேட்டரியை மாட்டும் முன் ஒன்று. பழைய அம்பாசிடர்களில் பாசிட்டிவ் முனை பாடியில் எர்த் ஆகும் வண்டிகள் உண்டு. இன்றைய பையன்கள் பழக்கத்தில் நெகட்டிவை மாட்டிவிடுவார்கள். டைனமோவில் இருக்கும் வயரிங்கையும் பழைய முனைகளையும் பார்த்து உறுதி செய்துகொண்டு மாட்டுங்கள்.

பேட்டரி நன்றாக இருந்தும் சத்தம் இல்லையென்றால் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் எர்த் பட்டையைப் பாருங்கள். பத்தில் ஏழு தடவை அதுதான். ஒரு ஜம்பர் கேபிளை எஞ்சினிலிருந்து நேராகப் பேட்டரியின் எர்த் முனைக்குக் கொடுத்துப் பாருங்கள். செல்ஃப் சுற்றினால் குற்றவாளி கிடைத்துவிட்டான். வயரிங்கை எலி கடித்திருந்தால் ஒட்டுப் போடாதீர்கள். துணி சுற்றிய பழைய வயர் உள்ளேயே உதிர்ந்திருக்கும், முழுதும் மாற்றுங்கள்.

செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

பிளக்கைக் கழற்றி, எஞ்சினில் சாய்த்து வைத்து, செல்ஃப் போடச் சொல்லிப் பாருங்கள். பெட்ரோல் சொட்டாத இடத்தில் செய்யுங்கள். தீப்பொறி நீலமாகப் பட்டென்று வந்தால் கரண்ட் சரி. மஞ்சளாக, மெலிந்து வந்தால் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் கன்டென்சர் அல்லது பாயிண்ட். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பிளக் வயர்களைக் கழற்றியவர் மாற்றிச் செருகியிருந்தாலும் பிடிக்காது, இந்த எஞ்சினில் சிலிண்டர்களுக்குத் தீப்பொறி போகும் வரிசை 1-3-4-2.

தீப்பொறி சரியென்றால் பெட்ரோல். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறும். அதைக் கீழே வடித்துவிட்டு, கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டுகளைச் சுத்தம் செய்யுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும் ஏ.சி. பம்ப் எனப்படும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமும் அதில் ஊறிப் போய்விடும். எத்தனால் தாங்கும் ஹோஸாகப் பார்த்து மாற்றுங்கள்.

பத்து கிலோமீட்டர் போனதும் அணைகிறது, ஆறினால் ஓடுகிறது

அணைந்த உடனே, எதையும் தொடாமல், டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஒரு ஊசி போதும். சத்தமில்லையென்றால் டேங்கின் துரு வடிகட்டியை அடைக்கிறது, அல்லது சூட்டில் கன்டென்சர் மயங்குகிறது, அல்லது சைலன்சருக்குப் பக்கத்தில் பெட்ரோல் குழாய் கொதிக்கிறது. அணைந்ததும் பிளக்கில் தீப்பொறி பாருங்கள். இருந்தால் பெட்ரோல் பக்கம், இல்லாவிட்டால் கன்டென்சர்.

கொதிக்கிறது

எங்கள் ஊர்ப் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. அதையே முப்பது வருடம் ரேடியேட்டரில் ஊற்றியிருக்கிறோம். ரேடியேட்டரின் மேல் மூடியைப் பிரித்தபோது, குழாய்கள் இருந்த இடத்தில் சுண்ணாம்புப் பாறைதான் இருந்தது. ரேடியேட்டரை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான், எஞ்சின் பிளாக்குக்குள்ளும் அதே சுண்ணாம்பு. பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகட்டு மூடிகளைத் தட்டிக் கழற்றி, கம்பியால் கிளறிக் கழுவினோம். ஒரு படி சேறு வந்தது. இனி டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் மட்டும்.

நம் ஊர் மெக்கானிக்குகள் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கிப்போட்டிருப்பார்கள், அது அவர்களுக்குக் குலதெய்வ வழிபாடு மாதிரி. திருப்பி மாட்டுங்கள். மெல்போர்னில் ஜூன், ஜூலை குளிர்காலம், தெர்மோஸ்டாட் இல்லாமல் எஞ்சின் சூடே ஏறாது. ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

முதல் கியர் 'கர்ர்' என்கிறது

கோளாறு இல்லை. முதல் கியருக்கு சின்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமப்படுத்திச் சத்தமில்லாமல் சேர்க்கும் வளையம்) கிடையாது. வண்டி முழுதும் நின்ற பிறகு போடுங்கள். கியர் லீவரே தொளதொளவென்று இருந்தால் இணைப்புக் கம்பிகளின் புஷ் தேய்ந்திருக்கும். கடையில் கிடைக்காது. கோவை ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத்தில் பழைய புஷ்ஷைக் கொடுத்தால் பித்தளையில் அரை நாளில் கடைந்து தருவார்கள். பம்ப்செட் ஊருக்கு இதெல்லாம் ஒரு வேலையா.

ஏஜெண்ட் சொன்ன தொகை ஒன்று, பில் வேறு

இங்கே கப்பல் கட்டணத்தை மட்டும் சொல்வார்கள். அங்கே இறக்குவது, கன்டெய்னரைப் பிரிப்பது, ஆய்வு, வாடகை எல்லாம் அக்கா தலையில் விழும். மெல்போர்ன் கிடங்கிலிருந்து வெளியே வரும்வரை ஆகும் ஒவ்வொரு செலவையும் எழுத்தில் வாங்குங்கள். அதற்கு மேல் அங்கே 10 சதவீதம் ஜி.எஸ்.டி., கப்பல் கட்டணத்தையும் இன்ஷூரன்ஸையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். திருப்பூரில் பனியன் அனுப்பும் ஏஜெண்டுகள் நிறைய, அவர்களுக்கு அட்டைப்பெட்டி தெரியும், கார் தெரியாது. எங்களுடையவர் ஏற்றுமதி லைசென்ஸ் எண் கேட்டு ஒரு வாரம் இழுத்தார். வியாபாரமல்லாத சொந்தப் பொருளுக்கு அந்த எண்ணிலிருந்து விலக்கு உண்டு, அதை நாங்கள்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

கன்டெய்னருக்குள் போகிறது, ஆனால் கதவைத் திறக்க முடியவில்லை

20 அடி கன்டெய்னரின் உள் அகலம் சுமார் 2.35 மீட்டர். கார் 1.7 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நடுவில் நிறுத்தினால் இரு பக்கமும் ஒரு முழங்கூட இருக்காது. நாங்கள் கையால் தள்ளி, வெளியிலிருந்து ஜன்னல் வழியாக ஸ்டியரிங் பிடித்தோம். பெட்ரோலை முன்பே வடித்துவிடுங்கள், பேட்டரி முனைகளைக் கழற்றி டேப் சுற்றுங்கள். கட்டும் பட்டையைச் சக்கரங்களில் போடுங்கள், பம்பரில் வேண்டாம். ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பிரேக்கைப் பிடித்து வைத்தால் ஒரு மாத ஈரத்தில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வியர்த்துப் பெயிண்ட் கொப்பளிக்கும். ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிட்டாலே போதும்.

சக்கரக் கட்டை எந்த மரமும் ஆகாது. 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, அதற்கான முத்திரை குத்திய மரம்தான் செல்லும். தோட்டத்து வேப்பங்கட்டையை அப்பா ஆசையாகச் செதுக்கி வைத்திருந்தார். அதை அடுப்புக்குப் போட வேண்டியதாயிற்று.

அங்கே சோதனையில் 'சுத்தமில்லை' என்று நிறுத்திவிட்டார்கள்

அவர்கள் தேடுவது அழுக்கை அல்ல, மண், விதை, பூச்சி. இந்தியாவிலிருந்து வரும் சரக்கு என்றால் தானியத்தைத் தின்னும் கப்ரா வண்டுக்காகவும் கூடுதலாகப் பார்ப்பார்கள். அதனால் தானியம் ஏற்றிய கன்டெய்னரை வாங்காதீர்கள், ஏற்றும் முன் தரைப் பலகை இடுக்குகளை டார்ச் அடித்துப் பாருங்கள்.

காரில் பார்க்க வேண்டிய இடங்கள்: சக்கரக் குழியின் மடிப்பு, ரேடியேட்டர் முன் வலையில் ஒட்டிய பூச்சிகள், ஹெட்லைட் கிண்ணத்தின் பின்புறம், கதவுக்குள் தண்ணீர் வடியும் துளைகள், டயரில் குத்திய நெருஞ்சி. சீட்டுக்குள் தேங்காய் நார் இருந்தால் எடுத்துவிட்டு ஃபோம் வையுங்கள். எங்கள் சீட்டில் எலி குடித்தனமே நடத்தியிருந்தது. தண்ணீர் பீய்ச்சி மூன்று முறை கழுவி, நாலாம் முறை வெள்ளைத் துணி விரித்து, பாடியைத் தட்டித் தட்டிப் பார்த்தோம்.

அப்படியும் ஒன்று தப்பியது. அப்பாரு ஈரோடு மஞ்சள் மண்டிக்கு மாதிரி கொண்டு போவது இந்த டிக்கியில்தான். ஏற்றுவதற்கு முந்தின நாள் டிக்கி ரப்பரைப் பிடுங்கினால், அடி மடிப்பில் விரல் நீளத்துக்கு நாலு மஞ்சள் கொம்பு, கல்லு மாதிரி காய்ந்து. உடைத்தால் உள்ளே இன்னும் செந்நிறம். அம்மா ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இறங்கியாயிற்று, ஸ்டார்ட் ஆயிற்று, ஹாரன் மட்டும் அடிக்கவில்லை

அக்கா அங்கிருந்து முதலில் சொன்னது இதைத்தான்: "டேய், ஓடுதுடா. ஹாரன் வரல." ஃபியூஸ் சரியென்றால் ஹாரன் எர்த் வயரைப் பாருங்கள், புதுப் பெயிண்டுக்கு மேல் முடுக்கியிருப்பார்கள். பெயிண்டைச் சுரண்டி, தகரம் தெரிய வைத்து முடுக்குங்கள். அதிலும் வரவில்லையென்றால் ஸ்டியரிங் நடுவிலிருக்கும் பட்டனைக் கழற்றி, அடியில் உள்ள தகட்டை எமரித் தாளால் தேயுங்கள். அக்காவுக்கு இரண்டாவதில்தான் வந்தது. வாட்ஸாப்பில் சத்தத்தை மட்டும் பதிவு செய்து அனுப்பினாள். பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன், இன்னொரு தடவை போடச் சொன்னார்.